படம் வேண்டாத பெட்டி

அவரை முதலில் சந்தித்தது காதால்தான். மருத்துவமனையின் பில் பிரிவில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள். குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் என்ற மிடுக்கோடு நாற்காலியில் உட்கார்ந்தாயிற்று. எதை யாரிடம் கேட்பது என்றுதான் தெரியவில்லை. தொலைபேசியில் பூஜ்யத்தை அழுத்தியதும் ஒரு குரல், "சொல்லுங்க பில் செக்‌ஷன், புதுசா சேர்ந்திருக்கீங்களா?" என்றது.

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"பழைய ஆளா இருந்தா இதுக்குள்ள ரெண்டு தடவ என்னைத் திட்டியிருப்பாங்க."

மருத்துவமனையின் தொலைபேசி எக்ஸ்சேஞ்சிலிருந்து வந்த அந்தக் குரலுக்கு உரியவரை எல்லோரும் எக்ஸ்சேஞ்ச் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவரைவிட மூத்த டாக்டர்களுக்கும் அவர் அக்காதான். பிறவியிலேயே அவருக்குப் பார்வை கிடையாது என்பது பல வாரங்கள் கழித்து, சாப்பாட்டு அறையில் எதிரெதிரே உட்கார நேர்ந்தபோதுதான் தெரிந்தது. பிறகு மதிய இடைவேளைகளில் அவர் விட்டு விட்டுச் சொன்னதும், வீட்டுக்குப் போனபோது அவருடைய தம்பி மனைவி இடைமறித்துச் சேர்த்ததும்தான் இங்கே இருப்பது.

அக்கா இருப்பது தம்பி வீட்டில். தம்பிக்கு அடுக்குமாடிக் கட்டடங்களில் தண்ணீர் மோட்டார் பழுது பார்க்கும் வேலை. தம்பி மனைவி முன்னறையில் தையல் மெஷின் போட்டுத் திரைச்சீலையும் மெத்தை உறையும் தைத்துக் கொடுக்கிறார். கடைசி அறை அக்காவுடையது. ஒரு கட்டில், ஓர் அலமாரி, ஜன்னலோரம் கைவைத்த நாற்காலி. நாற்காலிக்குப் பக்கத்துப் பலகையில் ஒரு சாட்டிலைட் ரிசீவர். அதன் முதுகிலிருந்து சிவப்பும் வெள்ளையுமாய் இரண்டு ஒயர்கள் கிளம்பிப் பழைய ஸ்பீக்கர் பெட்டிக்குள் போய்விடும். டிவி கிடையாது. வீட்டுக்கு வருகிறவர்கள், "டிவிய எங்க, ரிப்பேருக்குக் குடுத்திருக்கீங்களா?" என்று கேட்பார்கள்.

"அது எதுக்கு, இடத்த அடைச்சிக்கிட்டு" என்பார் அக்கா.

மொட்டை மாடியில் ஆளுக்கொரு திசை பார்த்தபடி இரண்டு டிஷ்கள். அவை வழியாக வெளிநாட்டுச் சேனல்கள் வந்து அந்த அறையில் இறங்கும். அந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் ஒரு ரோஷம் இருந்தது. அக்கா வேலைக்குச் சேர்ந்த புதிதில், வெளிநாட்டு நோயாளி ஒருவரின் மனைவி போனில் அழுதுகொண்டே பிரெஞ்சில் ஏதோ சொன்னார். யாருக்கு லைனை மாற்றுவது என்று புரியாமல் அக்கா திகைத்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பெண் போனை வைத்துவிட்டார். 'ஒரு வார்த்தை புரிஞ்சிருந்தாக்கூட சரியான இடத்துக்கு அனுப்பியிருப்பேனே' என்ற எண்ணம் முள்ளாய்க் குத்தியது. அடுத்த மாதச் சம்பளத்தில் முதல் ரிசீவர் வந்தது. இப்போது பிரெஞ்சும் அரபியும் அவருக்கு வேலைக்கு ஆகும். ரஷ்ய மொழியில் 'பதறாதீங்க, இதோ டாக்டரைக் கூப்பிடறேன்' வரைக்கும் போவார். போர்த்துகீசியம் மட்டும் வேலைக்காகக் கற்றதில்லை. அது ஆசைக்கு.

சேனல்களை அவர் ஒரு தெருவாக அடுக்கி வைத்திருந்தார். ஒவ்வோர் எண்ணும் ஒரு வீடு. ரிமோட்டில் எண்ணை அழுத்தினால் கதவு திறந்துவிடும். ஒன்றில் உலகச் செய்தி. ஏழாம் எண்ணில் எந்நேரமும் நாலு பேர் மல்லுக்கு நிற்பார்கள். "பங்காளிச் சண்டை வீடு" என்று அதற்குப் பெயர். ஒன்பதில் ஒரு கிழவர் தோட்டம் போடுவது பற்றிப் பேசிக்கொண்டே இருப்பார். பன்னிரண்டாம் எண்தான் போர்த்துகீசிய வீடு. அங்கே ஒரு பெண்மணி நேயர்களோடு தொலைபேசியில் பேசுவார். புருஷனைப் பற்றிக் குறை சொல்கிறவர்கள், காணாமல் போன நாயைத் தேடுகிறவர்கள், சும்மா பேச ஆள் இல்லாதவர்கள் என்று யார் யாரோ கூப்பிடுவார்கள். அந்தப் பெண்மணி எல்லோரையும் பேச விட்டு, நடுவில் கரகரவென்று ஒரு சிரிப்புச் சிரித்து, 'வைங்க' என்று சொல்லாமலே வைக்க வைத்துவிடுவார். அக்கா அவருக்குச் சிரிப்புக்காரி என்று பெயர் வைத்திருந்தார். மொழி பாதிதான் புரிந்தது. வித்தை முழுவதும் புரிந்தது. தானும் அதே தொழில் பார்க்கிறவர் ஆயிற்றே.

"காது ரொம்பக் கூர்மைன்னு யாராவது சொன்னா எனக்கு எரிச்சலா வரும்" என்பார் அக்கா. "காது எல்லாருக்கும்தான் இருக்கு. நான் உக்காந்து கேக்கறேன், அவ்வளவுதான்."

ஆனால் நாள் முழுக்க அவர் பிறரிடம் கேட்டாக வேண்டியவை நிறைய. உடுத்தியிருப்பது எந்த நிறம், வந்திருக்கும் தபால் யாருக்கு, சாலையைக் கடக்க யாராவது வருகிறார்களா, பாலின் தேதி முடிந்துவிட்டதா. கேட்பதில் அவருக்கு வெட்கம் கிடையாது. ஆனால் அலுப்பு உண்டு. ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து ரிமோட்டை எடுத்துவிட்டால் மட்டும் யாரையும் எதையும் கேட்க வேண்டியதில்லை. எந்த நாட்டுக்குப் போவது, எப்போது திரும்புவது என்பதெல்லாம் அவர் விரல் வைத்ததுதான் சட்டம்.

ஒரு மழைநாள் மாலையில் பெரிய இடி ஒன்று விழுந்தது. தெருவே ஒரு கணம் மூச்சடைத்துத் திரும்பியது. போன மின்சாரம் வந்தது, விசிறி சுற்றியது, ரிசீவர் மட்டும் எழுந்திருக்கவில்லை. அக்கா அதன் தலையில் கை வைத்துப் பார்த்தார். வழக்கமான வெதுவெதுப்பு இல்லை. சுட்ட பிளாஸ்டிக் வாசனை வந்தது.

டிஷ்காரர் வந்து திறந்து பார்த்தார். "போர்டே போயிடுச்சுக்கா. இதுக்கெல்லாம் இப்ப பார்ட்ஸ் வர்றதில்ல. புதுசு போட்டுடுங்க."

தம்பி மனைவி, "போன்லயே உலகமே வருதே அக்கா, பெட்டி எதுக்கு?" என்றார்.

அக்காவிடம் பேசும் போன் இருந்தது. தொட்ட இடத்தையெல்லாம் வாசித்துச் சொல்லும். "அது நல்லாத்தான் பேசுது. சேனல்ல அவங்க பேசும்போது இதுவும் குறுக்க பேசுது. ரெண்டு பேர் ஒரே நேரத்துல பேசினா எதைக் கேக்கறது? அத நான் ஆபீஸ்லயே போதும் போதும்னு பாத்துட்டேன்."

தம்பிக்கு அக்கா மேல் உயிர். சொல்லத் தெரியாத உயிர். யாரிடமும் கேட்காமல் அந்த வார இறுதியில் ஒரு பெட்டியோடு வந்து நின்றார். கடையிலேயே பெரிய ரகம் அதுதானாம். உள்ளங்கை அகலம்தான், ஆனால் எடுத்தால் கனத்தது. இண்டர்நெட் வரும், பதிவு செய்யும், படம் கண்ணாடி மாதிரி இருக்கும்.

"படம் எப்படிடா இருக்கு?" என்றார் அக்கா.

"சூப்பரா இருக்குக்கா" என்று சொல்லி முடித்த பிறகுதான் தம்பிக்கு உறைத்தது. மூன்று பேரும் சிரித்தார்கள். அந்த வீட்டில் அப்படிச் சிரிப்பது வழக்கம்.

சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது. அந்தப் பெட்டியின் முதுகில் சிவப்பு, வெள்ளை ஒயருக்கு ஓட்டையே இல்லை. டிவி வழியாகத்தான் சத்தம் வரும் என்பதால் தம்பி ஒரு பழைய டிவியைக் கொண்டுவந்து அலமாரிமேல் ஏற்றினார். ரிமோட் வழவழவென்று மெலிதாக இருந்தது, எண்களே இல்லை. நடுவில் ஒரு வட்டம், சுற்றி நாலைந்து பொத்தான்கள். எதை அழுத்தினாலும் திரையில் ஒரு பட்டியல் விரியும். அதில் மேலே போய், கீழே வந்து, பக்கவாட்டில் நகர்ந்து, தேடியதைப் பிடித்து அழுத்த வேண்டும்.

"வாய்ல சொன்னாலே போதும்னு கடைக்காரர் சொன்னாருக்கா" என்று தம்பி ரிமோட்டிடம் பேசிப் பார்த்தார். இண்டர்நெட்டில் இருப்பதற்கு அது மறுபேச்சில்லாமல் கட்டுப்பட்டது. டிஷ் வழியாக வருகிற சேனல்களைச் சொன்னால் வாயைத் திறக்கவில்லை.

"சரி விடு. நீ சொல்லு, நான் மாத்தித் தர்றேன்" என்றார் தம்பி. "நான் இல்லாதப்போ அவ மாத்துவா. என்ன பெரிய வேலை?"

பெரிய வேலை இல்லைதான். முதல் வாரம் அக்கா கூப்பிட்டார். தம்பி மனைவி மெஷினை நிறுத்திவிட்டு, வாயில் கவ்விய ஊசியோடு வந்து மாற்றிக் கொடுத்தார். விளம்பரம் வந்தது, வேறு மாற்ற வேண்டும். மறுபடி கூப்பிட்டார். அடுப்பில் ஏதோ தீய்ந்தது. அடுத்த வாரம் கூப்பிடுவது குறைந்தது. "மாத்தவாக்கா?" என்று கேட்டால், "அதுவே இருக்கட்டும்" என்று பதில் வந்தது. வேலை முடிந்து வருவார், நாற்காலியில் உட்காருவார், காலையில் தம்பி எதை வைத்துவிட்டுப் போனாரோ அதையே இரவு உணவு வரைக்கும் கேட்பார். சிரிப்புக்காரியின் நேரம் எதிர்த்த சுவரில் கடிகாரம் அடிப்பதோடு போய்விடும்.

ஒரு விடுமுறை நாள் மாலை தம்பி மனைவி துணி மடிக்க அந்த அறைக்கு வந்தார். டிவியில் யாரோ ஒருவன் வெகு உற்சாகமாகக் கத்தி விற்றுக்கொண்டிருந்தான். தக்காளியை அறுத்தான், ரொட்டியை அறுத்தான், செருப்பை அறுத்தான். மடிக்க வேண்டியதெல்லாம் மடித்து முடித்தாயிற்று. அவன் இன்னும் அறுத்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, கத்தி ஏதாவது வாங்கப் போறீங்களா?"

"எதுக்கு?"

"மதியத்துலேர்ந்து அவன்தானே கத்திக்கிட்டிருக்கான்."

அக்கா சிரித்தார். சிரிப்பு பாதியில் வேறு ஏதோவாக மாறியது. "எத்தனை தடவம்மா உன்னை எழுப்பறது? நீ வர்ற, சலிச்சிக்காமத்தான் வர்ற. ஆனா நீ வர்றப்போ எனக்கு அந்தச் சேனல் மேல இருந்த ஆசையே போயிடுது. ஆசைப்பட்டதுக்குக் காரணம் சொல்லணும்போல இருக்கு. கத்தி விக்கறவன் தேவலை."

தம்பி மனைவி கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். "நான் கல்யாணமாகி வந்த புதுசுல ஃபேன் போடறதுக்குக்கூட உங்க அம்மாவைக் கேட்டுட்டுத்தான் போடுவேன். அவங்க ஒரு நாளும் வேணாம்னு சொன்னதில்ல. ஆனா நான் வேர்த்துக்கிட்டே உக்காந்திருப்பேன்."

"நீ சொல்லவே இல்லையே."

"யார்கிட்ட சொல்றது? நீங்க அப்ப ஹெட்போனோட அரபி படிச்சிக்கிட்டிருந்தீங்க." துணிகளை அலமாரியில் வைத்துவிட்டு வந்தார். "கிளம்புங்க நாளைக்கு. கடைக்குப் போவோம். அவர்கிட்ட அப்புறம் சொல்லிக்கலாம்."

கடை ஒரு வணிக வளாகத்தின் இரண்டாம் மாடியில் இருந்தது. கடைக்காரர் தம்பி மனைவியைப் பார்த்தே பேசினார். "மேடத்துக்கு எந்த மாதிரி வேணும்?"

"மேடத்தையே கேளுங்க" என்றார் தம்பி மனைவி.

அக்கா ஒரு பெட்டியைக் கையில் வாங்கி அதன் முதுகைத் தடவினார். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பது போல இருந்தது என்று தம்பி மனைவி பின்னால் சொன்னார். ஒயர் ஓட்டை இல்லையென்றால் பெட்டியைப் பேச்சு மூச்சில்லாமல் திருப்பிக் கொடுத்தார். ஓட்டை இருந்தால் ரிமோட்டைக் கேட்டார். நடு எண்ணான ஐந்தின் மேல் சிறு புள்ளி இருக்கிறதா என்று பார்த்தார். அது இருந்தால்தான் மற்ற எண்கள் கைக்குப் பிடிபடும். இந்த இரண்டு சோதனையிலும் தேறியவை கொஞ்சம்தான். மூன்றாவது சோதனைக்குக் கடைக்காரர் தயாராக இல்லை.

"டிவிய அணைச்சிடுங்க. இப்ப எண் போட்டு மாத்துங்க."

"அணைச்சா எப்படி மேடம் தெரியும்?"

"அதுதான் எனக்கும் வேணும்."

கடைக்காரர் சிரித்துக்கொண்டே அணைத்தார். முதல் பெட்டி எண்ணை வாங்கிக்கொண்டு, திரையில் 'சரியா?' என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டு, பதில் வரும்வரை சும்மா இருந்தது. இரண்டாவது, நிறுத்திப் போட்டதும் ஏதோ விளம்பரப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு வெளியே வர மறுத்தது. கடைக்காரர் தானே கண்ணை மூடிக்கொண்டு ரிமோட்டை அழுத்திப் பார்த்து, அமைப்புகளுக்குள் போய் மாட்டிக்கொண்டு, பெட்டியின் மொழியையே மாற்றித் தொலைத்தார். அதற்குள் கடையில் இருந்த இன்னும் இரண்டு வாடிக்கையாளர்களும் பக்கத்தில் வந்து யோசனை சொல்ல ஆரம்பித்திருந்தார்கள்.

கடைசியில் அடித்தட்டிலிருந்து ஒரு கறுப்புப் பெட்டி வந்தது. பார்க்க லட்சணமில்லை. டப்பா மாதிரி இருந்தது. "இத யாரும் கேக்கறதில்ல மேடம்" என்றார் கடைக்காரர். முதுகில் சிவப்பு ஓட்டை, வெள்ளை ஓட்டை. எண்ணை அழுத்தினால் கேள்வி கேட்காமல் போய் நின்றது. நிறுத்திப் போட்டால் விட்ட இடத்திலேயே எழுந்தது. அக்கா ஏழு, மூன்று, ஒன்று என்று போட்டுப் போட்டுப் பார்த்தார். தவறவில்லை.

"பன்னிரண்டுல இருந்த போர்த்துகீசியச் சேனல் இதுல வருமான்னு பாருங்க" என்று அதன் பெயரைச் சொன்னார்.

கடைக்காரர் தேடினார். தேடி முடித்து ரிமோட்டைக் கீழே வைத்தார். "மேடம், அந்தச் சேனல் போன மாசம் புது ஒளிபரப்பு முறைக்கு மாறிடுச்சு. இந்தப் பெட்டிக்கு அது புரியாது. உங்க பழைய பெட்டி உயிரோட இருந்திருந்தாலும் வந்திருக்காது. பெரிய பெட்டிலதான் வரும்."

"இருக்கறதுலயே பெரிய ரகம்னு தம்பி வாங்கிட்டு வந்தானே, அந்தப் பெட்டிலயா?"

"அதுல வரும்."

அக்கா கறுப்புப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சிரிப்புக்காரி வேண்டுமென்றால் ஒவ்வொரு தடவையும் ஒருவரைக் கூப்பிட வேண்டும். தானே திறக்கிற தெரு வேண்டுமென்றால் அதில் அந்த வீடு இருக்காது. நிச்சயமாகத் தெரிந்த ஒரு குரலைக் கொடுத்து, தெரியாத எத்தனையோ குரல்களை வாங்குவதா? வருஷக்கணக்காகக் கேட்ட சிரிப்பு அது. அம்மா இறந்த வாரத்தில்கூட அவர் தேடிப் போய்க் கேட்டது அந்த ஒரு குரலைத்தான். தம்பி மனைவி அவர் தோளில் கை வைத்தார், ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் அதுவும் ஒரு தள்ளுதலாகிவிடும் என்று பயந்ததாக அவரே சொன்னார்.

"இதைக் கட்டிக் குடுங்க" என்றார் அக்கா.

வீட்டில் தம்பி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். "நான் வாங்கினது பிடிக்கலைன்னா எங்கிட்டயே சொல்லியிருக்கலாம்ல."

"நீ வாங்கினது நல்ல பெட்டிடா. அதை ஹால்ல வை, நீங்க பாருங்க. எனக்கு மட்டமான பெட்டிதான் ஒத்து வருது. மோட்டார்ல பெரிசு போட்டா சின்ன குழாய் வெடிக்கும்னு நீதானே சொல்லுவ?"

தம்பி ஸ்குரூ டிரைவரைத் தேட ஆரம்பித்தார். அவர் சமாதானமாவது அப்படித்தான்.

ஒயரெல்லாம் மாட்டியாயிற்று. புதுப் பெட்டி தானாகத் தேடிப் பிடித்த சேனல்களைத் தன் இஷ்டத்துக்கு வரிசையில் நிறுத்தியிருந்தது. அக்கா பழைய தெருவை நினைவிலிருந்து சொல்லச் சொல்ல, தம்பி மனைவி அலமாரிமேல் இருந்த டிவியில் பார்த்து ஒவ்வொன்றாக நகர்த்தினார். ஒரு முழு ஞாயிறு அதில் போனது. முடிந்ததும் அக்கா தலைக்குக் குளிக்கப் போனார். திரும்பி வந்து ஏழை அழுத்தினால் குழந்தைப் பாட்டு. ஒன்பதில் கிழவர் இல்லை, குதிரைப் பந்தயம்.

"நீ ஏதாவது தொட்டியா?"

"நல்லதுக்குத்தான் அக்கா தொட்டேன்" என்றார் தம்பி மனைவி மெல்லிய குரலில். "ஏதோ பேர் வரிசைல அடுக்கவான்னு கேட்டுச்சு. பேர் வரிசைல இருந்தா உங்களுக்குத் தேடச் சுலபமா இருக்குமேன்னு சரின்னு குடுத்துட்டேன்."

"கண்ணு இருக்கறவங்களுக்குத்தாம்மா பேர் வரிசை. எனக்கு எதுக்கு?"

"ஐயோ, ஒரு நாள் பொழப்பு போச்சே."

ஹாலில் தம்பி வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "பெட்டி வாங்க என்னைக் கேக்காமப் போனீங்கல்ல? அனுபவிங்க."

மறுநாள் சாயங்காலம் மறுபடி உட்கார்ந்தார்கள். இந்தத் தடவை அக்கா பழையதை அப்படியே சொல்லவில்லை. ஒன்றை வைக்கும்போது அதற்குப் பக்கத்து வீட்டையும் கொஞ்சம் கேட்டுப் பார்த்தார். பிடித்தால் குடிவைத்தார். தோட்டக் கிழவருக்குப் பக்கத்தில், துணி வெட்டுவதும் தைப்பதுமாக ஒரு சேனல் வந்து விழுந்தபோது தம்பி மனைவியின் கை நின்றுவிட்டது. "அக்கா, இவங்க கையை வெட்டற விதத்தைப் பாருங்களேன்" என்றவர், நாக்கைக் கடித்துக்கொண்டார். சட்டைக்குக் கை வெட்டுவதைத்தான் சொன்னார்.

"நீ பாத்துச் சொல்லு, நான் கேக்கறேன். அத பத்துல போடு. அது உன் வீடு."

பன்னிரண்டு வந்தது. அதில் வேறு எதை வைப்பது என்று தம்பி மனைவி கேட்டார். காலியாக விட முடியாது, பெட்டி ஒத்துக்கொள்ளாது. அக்கா நாலைந்து சேனல்களைக் கேட்டுப் பார்த்து, ஒன்றிலும் மனம் ஒட்டாமல், கடைசியில் அலைகளின் சத்தத்தோடு கப்பல்களுக்கு வானிலை சொல்லும் ஒரு நிலையத்தை வைக்கச் சொன்னார். கப்பல் வானிலை என்பது திரையில் ஓடிய படங்களைப் பார்த்துத் தம்பி மனைவி சொன்னது, என்ன மொழி என்று தெரியாது. "பழகிப் பாப்போம்" என்றார்.

அன்று இரவு உணவுக்குக் கூப்பிட்டபோது கதவுக்கு அப்பால் பங்காளிச் சண்டை, செய்தி, தோட்டம், பாட்டு என்று வீடு வீடாகக் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. தம்பி மனைவி இரண்டாம் தடவை கூப்பிடவில்லை. தட்டை மூடி வைத்துவிட்டு மெஷினுக்குப் போய்விட்டார்.

அக்கா இன்னும் அதே எக்ஸ்சேஞ்சில்தான் வேலை பார்க்கிறார். ஓய்வு பெறச் சில வருஷங்கள் பாக்கி. கறுப்புப் பெட்டி அவர் அறையில் ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஹாலுக்கு வந்து, "டேய், சிரிப்புக்காரிய வை" என்று தம்பியிடம் அதிகாரமாகச் சொல்லி ஒரு மணி நேரம் கேட்கிறார். இப்போது கப்பல் வானிலையில் காற்று, அலை, மூடுபனி என்ற மூன்று வார்த்தைகள் அவருக்குத் தெரியும். அது எந்த மொழி என்று இன்னும் யாரையும் கேட்கவில்லை.